பொதியின் மடிப்பு

வியாழன்தோறும் விடிய ஐந்தரைக்குக்
காம்வாலா சந்தையில் பொதி பிரிப்பார் பனா கசூபா.
கத்தி பட்டதும் பட்டை தெறிக்கும்,
மூட்டை ஒருமுறை மூச்சு விடும்:
அந்துருண்டையும் கப்பலும் கலந்த வாடை.
"பார்த்துவிட்டுத் தொடுங்கள்" என்பார்.
யார் கேட்டார்கள்?
இருபது கைகள் ஏற்கெனவே உள்ளே,
அதில் இரண்டு என்னுடையவை.

சலாவுலா என்கிறோம் இதை.
குவியலைக் கிளறிப் பொறுக்குவது என்று அர்த்தம்.
கோழிக்கும் லுசாகாவுக்கும்
இந்த வினைச்சொல் பொது.

என்னிடம் நூற்று நாற்பது குவாச்சா.
திங்கட்கிழமை பத்து மணி,
கெய்ரோ சாலை, மூன்றாம் மாடி,
காப்பீட்டு நிறுவனத்தின் கணக்குப் பிரிவு.
"நேர்த்தியான உடையில் வரவும்."
நேர்த்தி என்ன விலை என்று
கடிதத்தில் போடவில்லை.

கருநீலக் கோட் ஒன்று
ரவிக்கைகளுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது.
ஆண்பிள்ளைக் கோட், பொத்தான் வலப்பக்கம்.
முழங்கைக்குக் குறுக்கே
கத்தியால் கீறினாற்போல் ஒரு மடிப்பு.
"அதுதான் அத்தாட்சி, நமாகாவு" என்றார் பனா கசூபா.
"இன்றைக்குப் பிரித்த பொதி இது.
மடிப்பில்லாததை வாங்காதே,
அதை இந்த ஊரிலேயே எவளோ
கல்யாணத்துக்குப் போட்டுவிட்டாள்."
அறுபது என்றார். முப்பது என்றேன்.
நாற்பத்தைந்தில் இருவரும் நஷ்டப்பட்டோம்.
நாற்பது ரொக்கம், ஐந்து கடன்.

தையற்காரர் ஸிம்பாவுக்கு ஐம்பது.
தோளை இறக்கினார், இடுப்பைப் பிடித்தார்,
வாயில் ஊசியோடு கேட்டார்:
"பொத்தானை இடப்பக்கம் மாற்றவா? பதினைந்து ஆகும்."
பதினைந்து என்பது திங்கள் காலையின் மினிபஸ்.
திரும்பும்போது நடக்கலாம்,
போகும்போதுதான் வியர்க்கக் கூடாது.
வலப்பக்கமே இருக்கட்டும் என்றேன்.
மீதி முப்பத்தைந்துக்குச் செருப்புக் குவியலில்
ஒரு ஜோடி கறுப்பு ஷூ;
அரை அளவு பெரிது,
முனையில் பஞ்சு வைத்தால் சத்தம் வராது.

ஞாயிறு முழுக்க மின்சாரம் இல்லை.
பக்கத்து வீட்டுச் சாண்டாவின் கரிப்பெட்டியை இரவல் வாங்கி
ஈரத்துணி விரித்துத் தேய்த்தேன்.
காடி தடவித் தேய்த்தேன்.
மடிப்பு படுக்கும்,
பெட்டியை எடுத்ததும் எழுந்து உட்காரும்.
சந்தையில் சாட்சி சொன்னது
இங்கே கோள் சொல்லக் காத்திருந்தது.

ஆள் பாதி, ஆடை பாதியாம்.
ஆடைப் பாதியை எங்கோ ஒருவர்
உடுத்தி முடித்துவிட்டார்.
மிச்சப் பாதிக்கு இரவு இரண்டு மணிவரை
மெழுகுவத்தியில் படித்தேன்.

மூன்று நாற்காலி, மூன்று முகம்.
நடுவில் இருந்தவர் திரு. சியாமே.
தேய்மானம் பற்றிக் கேட்டார். சொன்னேன்.
"ஒரு சொத்து, ஏட்டில் அதன் மதிப்பு தீர்ந்துவிட்டது,
ஆனால் இன்னும் உழைக்கிறது. என்ன செய்வாய்?"
"ஒரு குவாச்சா என்று எழுதி
ஏட்டிலேயே வைத்திருப்பேன்.
இல்லாவிட்டால் அது இருப்பதையே
அலுவலகம் மறந்துவிடும்."

அவர் பேனாவுக்குக் கை நீட்டினார்.
சாம்பல் நிறக் கோட், நல்ல துணி,
முழங்கைக்குக் குறுக்கே அதே கீறல்.
நான் பார்த்ததை அவர் பார்த்தார்.
அவர் கண் என் பொத்தான்களுக்கு வந்தது,
வலப்பக்கம் ஒரு நொடி நின்றது.
பிறகு இருவரும்
மிகவும் அவசியமாக
என் சான்றிதழைப் பார்த்தோம்.

"தகவல் அனுப்புகிறோம்."

வெயிலில் இறங்கியதும் கோட்டைக் கழற்றினேன்.
கையில் போட மடித்தபோது
தன் பழைய கோட்டிலேயே மடிந்தது,
நான் ஒன்றும் சொல்லாமல்.
பஞ்சு நழுவி ஒரு ஷூ
நடை முழுக்கப் பேசிக்கொண்டே வந்தது.

இன்று புதன். தொலைபேசி மேசைமேல் கிடக்கிறது.
கோட்டை ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன்;
இனி மடிக்கப் போவதில்லை.
நாளை ஐந்தரைக்குச் சந்தைக்குப் போகவேண்டும்.
வாங்க அல்ல.
பனா கசூபாவுக்கு ஐந்து குவாச்சா பாக்கி,
அதைக் கொடுக்க முடியாதென்று சொல்ல.